வெயில் பார்த்த கல்

சேலம் சூரமங்கலத்தில் குடியேறிய நாள் முதலாக, என்னை யாருக்காவது அறிமுகப்படுத்துகிறவர்கள் "சாருங்க அண்டார்டிகா போயிட்டு வந்தவருங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எதிரில் இருப்பவர் உடனே பென்குவின் பார்த்தீர்களா என்று கேட்பார். பார்க்கவில்லை என்பேன். இதற்கு ஏற்காட்டுக்கே போயிருக்கலாமே என்பதுபோல அவர் முகம் விழுந்துவிடும். நான் என்ன செய்ய? பென்குவின்கள் விவரமானவை. மீன் கிடைக்கிற கடலோரத்தை விட்டு நகராது. என்னை அனுப்பியது கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, பனியாறுகளுக்கு நடுவில் கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைச் சிகரத்துக்கு. அங்கே குடியிருந்தது ஒரே வகை வெள்ளைப் பறவை. அதுவும் நாங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் போனபோது எங்கள் மேல் துப்பியது.

போன மாதம் என் பழைய அலுவலகத்து இளையவர்கள் அதே சிகரத்தை ட்ரோன் வைத்து எடுத்த படத்தை வாட்ஸப்பில் அனுப்பி, "சார், நெஜமாவே இதுல ஏறினீங்களா?" என்று கேட்டிருந்தார்கள். கேள்வியில் வியப்பைவிடச் சந்தேகம் கூடுதலாக இருந்தது. என் வயிற்றை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். சந்தேகப்பட உரிமை உண்டு. கூடவே இன்னொன்றும் கேட்டார்கள். இப்போது போகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பு உண்டாம். அதில் வண்டிக்குக் கீழே வைக்கும் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் ஆப்பைக் காட்டுகிறார்களாம். அதற்குப் பக்கத்தில் ஒரு கருங்கல்லின் படம், மேலே சிவப்பில் பெருக்கல் குறி. ஏன் என்று வகுப்பு எடுப்பவருக்கும் தெரியவில்லையாம். எனக்குத் தெரியும். அந்தக் கல்லுக்கு நான் தூரத்துச் சொந்தம்.

முதலில் என் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், வீட்டுக்கு ஒரு லாரியோ ஆழ்துளை ரிக்கோ நிற்கும் ஊரில் பிறந்தவன். டிப்ளமோ முடித்ததும் மாமாவின் ரிக்கில் ஆந்திரா, ராஜஸ்தான் என்று சுற்றினேன். கேபினில் உட்கார்ந்து, கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்தேன். நாற்பது டிகிரி வெயிலில், ரஷ்யாக்காரர்கள் பனியில் உறைந்து சாகும் தடித்த நாவல்களைப் படிப்பது உடம்புக்குக் குளுமையாக இருக்கும். தண்ணீர் வந்தால் நீரோட்டம் பார்த்தவருக்கு மாலை, வராவிட்டால் ஓட்டை போட்டவனுக்கு வசவு என்ற நியாயம் எனக்கு ஒத்துவரவில்லை. தேர்வு எழுதி, பாறைகளை ஆராயும் ஒரு அரசு அலுவலகத்தின் துளையிடும் பிரிவில் சேர்ந்தேன். அங்கே யாரும் தண்ணீர் கேட்பதில்லை. கல்லைத் துளைத்து, கல்லை எடுத்து, கல்லைக் கொடுத்தால் போதும். கல் எப்போதும் வரும். இப்படிப்பட்ட நிம்மதி எல்லாருக்கும் வாய்க்காது.

ஒருநாள் கூட்டத்தில் அண்டார்டிகாவுக்குத் துளையிடத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். நான் அப்போது மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வதற்காகக் கையைத் தூக்கியிருந்தேன். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு காற்று வேகமாக வருகிறது, குளிர்கிறது என்று எப்படிச் சொல்வது?

எங்கள் குழுவுக்குத் தலைவர் கலியபெருமாள் சார். ஆத்தூர்க்காரர், பாறையியல் நிபுணர். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரியின் உச்சியில் உட்கார்ந்து ஜவ்வரிசி ஆலைக்குப் போன பிள்ளைப் பருவம் அவருடையது. பள்ளியில் படித்ததைவிட லாரி மேலிருந்து படித்தது அதிகம் என்பார். ஒல்லியான ஆள். சட்டையில் எத்தனை பை உண்டோ அத்தனையிலும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகள் மடித்து வைத்திருப்பார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பு செய்தால் அருகில் வந்து ஒரு கேள்வி கேட்பார். பதிலைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு ஒரு உறையை எடுத்து நீட்டுவார். அந்தத் தப்பை நாமே பொறுக்கி அதில் போட வேண்டும். அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஜிப் இழுபடும் சத்தம் கேட்டாலே காது சூடாகும்.

மூன்றாவது ஆள் அர்த்தநாரி. வண்டி ஓட்டுநர், மெக்கானிக், என் ஊருக்கு அடுத்த ஊர். இஞ்சினின் சத்தத்தைக் கேட்டே அதன் மனநிலையைச் சொல்வான். என்னை அண்ணா என்பான். நான் ஒன்று சொன்னால் "ஆமாங்ணா" என்றுவிட்டு அவன் நினைத்ததைச் செய்வான்.

சேலம் ஜங்ஷனில் எங்களை வழியனுப்ப வந்த சாரின் மனைவி, என்னையும் அர்த்தநாரியையும் தனியாகக் கூப்பிட்டார். குளிர், மருந்து, சாப்பாடு என்று பெரிய பட்டியல் வரும் என்று காத்திருந்தோம். "அவரு தூங்கிட்டா எழுப்பறது கஷ்டம். நீங்க ரெண்டு பேருதான் பாத்துக்கணும்" என்றார். அவ்வளவுதான். அர்த்தநாரி நெஞ்சில் கை வைத்து, "என்ற அண்ணன் மாதிரிங்க. பாத்துக்கறமுங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். ரயில் கிளம்பிய பிறகுதான், தூங்குகிற மனிதரை எதற்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குச் சந்தேகம் வந்தது.

கப்பல், வாந்தி, நிலையம், குளிருடுப்பு இவற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அந்தக் குளிருடுப்பில் நான் நிற்கும் படத்தைப் பார்த்த என் மனைவி, பஞ்சு மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் நீங்கள் எங்கே என்று கேட்டாள். மேலே போவோம்.

நிலையத்திலிருந்து சிகரத்துக்குச் சங்கிலிப் பட்டை வண்டி ஒன்று, அதன் பின்னால் இரண்டு சறுக்குவண்டிகள். ஒன்றில் துளையிடும் கருவி. இன்னொன்றில் இரும்புச் சறுக்குக்கட்டைகளின் மேல் பொருத்திய ஒரு சின்னக் கூண்டு. படுக்கைகள், அடுப்பு, ஜன்னல் எல்லாம் உண்டு. அர்த்தநாரி அதைப் பார்த்த நிமிடத்திலிருந்து ஊடு என்றான். நாங்களும் வீடு என்றே சொன்னோம். நிலையத்து மருத்துவர் வேறு வண்டியில் கூட வந்தார்.

கிளம்பும்போது அவன் தன் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வண்டிப் பட்டைக்குக் கீழே வைத்தான். புது வண்டி, புது ஊர். எங்கள் பக்கம் எலுமிச்சம்பழம் நசுக்காமல் சக்கரம் உருளாது. ஆனால் பழம் கல்லாக உறைந்திருந்தது. வண்டி ஏறியது, இறங்கியது. பழம் நசுங்காமல் பனிக்குள் அழுந்தி, அப்படியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கலியபெருமாள் சார் இறங்கி வந்தார். "அர்த்தநாரி, இது இந்த ஊர்ல வெளையுமா?" என்று கேட்டார். இல்லீங்க என்றான். அந்தக் கண்டத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்த எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது. ஆரஞ்சுத் தோல்கூடத் திரும்பி வந்தாக வேண்டும். ஜிப் சத்தம் கேட்டது. எலுமிச்சம்பழம் உறைக்குள் போய், உறை சாரின் சட்டைப் பைக்குள் போனது. பூசை முடியாத வண்டியில் போகிறோமே என்று வழியெல்லாம் அர்த்தநாரி முனகிக்கொண்டே ஓட்டினான்.

சிகரத்தை முதலில் பார்த்ததும் அவன் சொன்னது, "நாமக்கல் மலையைக் கழுத்து வரைக்கும் பஞ்சுல பொதச்சுப்போட்ட மாதிரி இருக்குதுங்ணா." அதைவிடச் சரியாக நானும் சொல்ல முடியாது. கறுப்பும் செம்பழுப்புமான மொட்டைப் பாறை. உச்சியில் நின்றால் இரண்டு பக்கமும் பனியாறுகள் இறங்கிப் போவது தெரியும். வெள்ளை என்று நினைத்துப் போகிறோம். ஆனால் நீலம். வளைவுகளில் பனி பிளந்து பிளந்து, உழுத காடு மாதிரி வரிவரியாகக் கிடக்கும். அந்த வரி ஒவ்வொன்றும் ஒரு பிளவு. உள்ளே விழுந்தவர்களை அந்தப் பனியாறு என்றைக்காவது கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று சார் சொன்னார். ஆறுதலாகச் சொன்னாரா, தகவலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

சாருக்கு வேண்டியது அந்தப் பாறையின் துண்டுகள். ஒரு காலத்தில் பனி இன்னும் உயரமாக இருந்து சிகரத்தை மூடியிருந்ததாம். எப்போது விலகியது என்பதைக் கல்லே சொல்லுமாம். "ஒரு கல்லு எத்தன காலமா வெளிய கெடந்து வெயில் பாக்குதுன்னு கணக்குப் போட்டுடலாம்" என்றார். உலகத்தில் மனிதர்கள் எதையெல்லாம் கணக்குப் போடுகிறார்கள்! வந்த அன்றே நீலப்பனியில் எங்களைக் குனிய வைத்து இன்னொன்றையும் காட்டினார். பனியில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, யாரோ துளை போட்டதுபோல வட்டக் குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னக் கறுப்புக் கல். பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், கறுப்புக் கல் வாங்கி வைத்துக்கொள்ளும், சூடேறி அடியிலிருக்கும் பனியை உருக்கிக்கொண்டு இறங்கும் என்று விளக்கினார். எங்களுக்கு ரிக் தேவைப்படும் வேலையை ஒரு கூழாங்கல் சும்மா உட்கார்ந்தே செய்கிறதே என்று நான் சொன்னேன். மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

காற்று மறைவும் வெயிலும் ஒன்றாகக் கிடைக்கிற பக்கமாகப் பார்த்து, மலையடிவாரத்தில் வீட்டை நிறுத்தினோம். தரை நீலப்பனி, கிட்டத்தட்டச் சமம். பனியாற்றுப் பக்கம் லேசான சரிவு. சறுக்குக்கட்டைகளுக்கு முன்னால் மர ஆப்புகள் கொடுத்தோம்.

பிறகு நீல டிரம். இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். மனிதன் உடம்பிலிருந்து வெளியேறுவதும் அந்தக் கண்டத்தில் வெளிச்சாமான்தான். அதையும் உறையில் கட்டி டிரம்மில் போட்டு, டிரம்மைக் கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டும். நாலு நாளில் எல்லாம் இறுகி ஒரே பாறையாகிவிடும். சார் அந்த டிரம்மை வைக்கும் முறையே தனி. மலையடியில் உறைந்து கிடந்த இரண்டு பெரிய பாறைகளின் இடுக்கில், பனியாற்றுப் பக்கம் இடுக்கு குறுகும்படி பார்த்து இறக்கினார். கயிற்றை இரண்டு கைப்பிடிகளுக்குள்ளும் விட்டு, கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, அதை இழுத்துப் பார்த்து, இன்னொரு முடிச்சு. மறுமுனையை வீட்டின் அடிச்சட்டத்தில் இருந்த இரும்பு வளையத்தில் கட்டினார். பயணக் கயிற்றை வெட்டக்கூடாது என்பதால் மீதி முழுவதும் சுருளாக நடுவில் கிடந்தது.

"ஏனுங்க சார், இதைப் போய் இத்தனை கெட்டியாக் கட்டறீங்க? யாரு திருடப் போறாங்க?" என்று கேட்டான் அர்த்தநாரி.

"திருட மாட்டாங்க. மறந்துடுவாங்க" என்றார் சார். "கெளம்பற அன்னிக்கு மனுஷன் ரொம்ப ஆசையா மறக்கற சாமான் இது. வீட்டோட கட்டிட்டா, வீடு போற எடத்துக்கு இதுவும் வந்துதானே ஆகணும்?"

அன்று முதல் அர்த்தநாரி அந்த டிரம்முக்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தான். வீட்டோடு ஒட்டிக்கொண்டது, விட்டுவிட்டுப் போக முடியாது என்றான்.

வேலை நன்றாகப் போனது. திருச்செங்கோட்டு ரிக் வேலை செய்தால் தெருவே வெள்ளையாகிவிடும், துணி காயப்போட்டவர்கள் சாபம் விடுவார்கள். இங்கே துளையிலிருந்து வரும் பாறைத்தூளைக்கூட உறையில் பிடிக்க வேண்டும். ஒரு கையில் கருவியும் ஒரு கையில் உறையுமாக நான் நின்ற கோலத்தை மாமா பார்த்திருந்தால், ரிக்கை விற்றுவிட்டு விவசாயத்துக்குப் போயிருப்பார்.

அடிவாரத்துக் கற்கள் முடிந்தன. உச்சி பாக்கி. அதற்குள் சாரின் முழங்கால் பாறையில் பிசகிவிட்டது. கூட வந்திருந்த மருத்துவர் கட்டுப் போட்டு, இரண்டு நாள் படுத்திருக்கச் சொல்லிவிட்டு, எரிபொருள் எடுத்துவர நிலையத்துக்குப் போயிருந்தார். உச்சியில் நானும் அர்த்தநாரியும் துளைப்பதென்று முடிவாயிற்று. கருவியைச் சமமாக நிறுத்த அடியில் மரக்கட்டை வேண்டும். மேடு பள்ளத்தில் ரிக்கை நிறுத்தும்போது கட்டை கொடுத்து மட்டம் பார்ப்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். கட்டைக்கு எங்கே போவது? வீட்டுக்கு அடியில் இருந்த ஆப்புகளை உருவினோம். அதற்குப் பதில்?

நாமக்கல் பக்கத்து மனிதனிடம், சரிவில் நிற்கும் வண்டிக்கு என்ன வைப்பாய் என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். அர்த்தநாரி மலையடியில் சுற்றி, நல்ல தட்டையான, கனமான, கன்னங்கரேலென்ற இரண்டு கற்களைத் தூக்கி வந்தான். லாரிக்காரன் கல் பொறுக்குவதில் ஒரு ரசனை உண்டு. நானும் தட்டிப் பார்த்துப் பாராட்டினேன். சார் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னா வக்கிறீங்க?"

"கல்லுங்க சார்."

"நல்லாப் பெரிய கல்லா வைங்க" என்றார்.

மூன்று பேர். ஒருவர் வெயில் பார்த்த கல்லைப் பற்றி ஆராய்கிறவர். ஒருவன் தடித்த நாவல் படித்தவன். ஒருவன் இஞ்சினோடு பேசுகிறவன். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. குழிக்குள் கிடந்த கூழாங்கல் படிப்பில் வந்தது. டயருக்குக் கல் வைப்பது ரத்தத்தில் வந்தது.

வண்டியைச் சிகரத்தின் மறுபக்கம், ஏறுவதற்கு லாயக்கான சரிவில் நிறுத்திவிட்டு, கருவியைப் பிரித்துச் சுமந்து மேலே ஏறினோம். மணிக்கு ஒருமுறை வாக்கி டாக்கியில் சாரோடு பேசுவது, மற்ற நேரம் பேட்டரியை மிச்சம் பிடிக்க அணைத்து வைப்பது என்பது ஏற்பாடு. ஒருமுறை பேசி, மாத்திரை போட்டுக்கொண்டு கொஞ்சம் படுக்கப் போகிறேன் என்றார். உச்சியில் அன்று காற்றே இல்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. குளிர்நாட்டுக்கு வந்து வெயில் அடிக்கிறது என்று நான் தொப்பியைக் கழற்றினேன். இந்த வெயிலுக்குத் துணி காயப்போடலாம் என்றான் அர்த்தநாரி. சந்தோஷமாகத்தான் பேசிக்கொண்டோம்.

முதல் கல்துண்டு உருளையாக, அழகாக வந்தது. அதை நான் உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். அர்த்தநாரி அடுத்த துளைக்காகக் கருவியின் கம்பி செங்குத்தாக நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். ரிக்காரர்கள் எல்லோரும் பார்ப்பதுதான். ஆனால் கண்ணைத் திறக்கவே இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம், வெகு கீழே, தீப்பெட்டி அளவில் எங்கள் வீடு தெரிந்தது. கம்பிக்கு இடதுபக்கம் இருந்தது. பிறகு கம்பியை ஒட்டி இருந்தது. பிறகு வலதுபக்கம்.

"ஏனுங்ணா" என்றான் மெதுவாக. "ஊடு போகுதுங்க."

நான் நம்பவில்லை. அந்த வெள்ளையில் எதை உற்றுப் பார்த்தாலும் நகர்வதுபோலத்தான் இருக்கும். அவன் தலையை ஆட்டினான். "கம்பி பொய் சொல்லாதுங்ணா."

வாக்கி டாக்கியை எடுத்துக் கத்தினேன். அந்தப் பக்கம் அணைத்து வைத்திருந்த கருவி என்ன பதில் சொல்லும்? ரிக்கில் இரைச்சலுக்கு நடுவே ஆளைக் கூப்பிட, ராடைச் சுத்தியலால் அடிப்போம். அர்த்தநாரி அடித்தான். அந்த அமைதியில் மணியோசை மாதிரி பனியாறு முழுவதும் போய்த் திரும்பி வந்தது. வெள்ளைப் பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன. எழ வேண்டியவர் மட்டும் எழவில்லை. சேலம் ஜங்ஷனில் அந்த அம்மா எதற்காக அப்படிச் சொன்னார் என்பது, உலகத்தின் கடைசியில் ஒரு பாறை உச்சியில் நின்றுகொண்டிருந்தபோது எனக்குப் புரிந்தது.

வீடு அவசரப்படவில்லை. கல்யாணத்துக்குப் போகிற பெரியவர் மாதிரி நின்று நின்று போனது. அது போகிற திசையில் அந்த உழுத காடு இருந்தது.

இறங்கினோம். ஓட முடியாது. கயிற்றைப் பிடித்து, ஒவ்வொரு காலாக வைத்துத்தான் இறங்க வேண்டும். தடுக்கி விழுந்தால் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் எண்ணிக்கை கூடிவிடும். கொஞ்ச தூரத்திலேயே பாறை மறைத்துவிட, வீடு கண்ணில் படவில்லை. அதுதான் தாங்கவில்லை. எனக்கு எந்த நிலையிலும் உள்ளுக்குள் ஒரு கிண்டல் ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டங்களில் அதனால் பல சங்கடம் நேர்ந்திருக்கிறது. அன்றைக்கு அதுவும் வாயை மூடிக்கொண்டது. ஆத்தூருக்குப் போய், ஒரு வீட்டு வாசலில் நின்று, என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. முன்னால் இறங்கிய அர்த்தநாரி, "சாமி, சாமி" என்று சொல்லிக்கொண்டே போனான். திருச்செங்கோட்டு மலையைச் சொன்னானா, டிரைவிங் சீட்டுக்கு மேலே ஒட்டியிருந்த படத்தைச் சொன்னானா, சாரைச் சொன்னானா, கேட்கவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றி வந்தோம். முதலில் தெரிந்தது வீடு நிறுத்தியிருந்த இடம். காலி. அடுத்து ஒரு கயிறு தெரிந்தது. தரையில் சுருளாகக் கிடந்த கயிறு இப்போது சுருள் இல்லாமல், தரையைத் தொடாமல், வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. அதன் மேல்முனையில், இரண்டு பாறைகளின் இடுக்கில், கழுத்து நெரிய மாட்டிக்கொண்டு நீல டிரம். கீழ்முனையில் வீடு. வீட்டுக்கும் முதல் பிளவுக்கும் நடுவே இரண்டு லாரியை நிறுத்தலாம். மூன்றாவது லாரிக்கு இடம் கிடையாது.

கயிறு விறைத்த குலுக்கலில் சார் கட்டிலிலிருந்து விழுந்து விழித்திருக்கிறார். கதவு சரிவுப் பக்கம். திறந்து பார்த்தால், வெகு தூரத்தில் இருக்க வேண்டிய பிளவு எதிரிலேயே இருந்தது. அந்த முழங்காலோடு வழுக்குப் பனியில் இறங்குவதா என்று யோசித்து, கதவை மெல்லச் சாத்திவிட்டு, மலைப்பக்கத்து ஜன்னலருகே அசையாமல் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஜன்னலைத் திறந்தார். வழக்கம்போலக் கேள்விதான் வந்தது.

"கயிறு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க சார்" என்றான் அர்த்தநாரி.

"டிரம்மு?"

அர்த்தநாரி திரும்பி அதைப் பார்த்தான். "சம்பந்தி உடமாட்டாருங்க சார்" என்றான்.

அதற்கப்புறம் எல்லாம் மெதுவாக, சரியாக நடந்தது. வண்டியை மேல்பக்கம் நிறுத்தி, கம்பிவடத்தை வீட்டின் சட்டத்தில் மாட்டி, அது இறுகிய பிறகுதான் நான் மூச்சு விட்டேன். அங்குலம் அங்குலமாக வீடு மேலே வந்தது. வண்டியை வீட்டோடு பூட்டியபடியே விட்டோம். இந்த முறை இரும்பு முளைகளையும் அறைந்தோம். சார் என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து, வீடு முன்பு நின்ற இடத்தைப் பார்த்தார்.

இரண்டு குழிகள். ஒவ்வொன்றிலும் தெளிந்த தண்ணீர். அடியில் எங்கள் கற்கள், அடைகாத்த முட்டைகள் மாதிரி, மிக வசதியாக உட்கார்ந்திருந்தன.

ஜிப் சத்தத்துக்காக நான் காத்திருந்தேன். சாரின் கை சட்டைப் பைக்குப் போகவே இல்லை.

"பெரிய கல்லா வைங்கன்னு சொன்னது நான்தானே?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பாறையில் சாய்ந்துகொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

கற்களை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்கச் சொன்னார். அந்தக் கண்டத்தின் விதி அது. எங்கள் ஊரின் விதியும்கூட. டயருக்கு வைத்த கல்லை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகிறவனை ஊரே சபிக்கும். அர்த்தநாரி முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு அவற்றை வெளியே எடுத்தான். பிறகு டிரம்மிடம் போனான். தன் பையிலிருந்து குங்குமத்தை எடுத்து, டிரம்மின் மூடியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தான். வைத்த பிறகுதான் சார் பின்னால் நிற்பது தெரிந்து கையை மறைத்தான்.

சார் பொட்டைப் பார்த்தார். "டிரம்மு எப்படியும் ஊருக்கு வரத்தானே போகுது?" என்றார். இப்போது அவர் கை சட்டைப் பைக்குள் போனது. ஜிப்பை இழுத்துத் திறந்து, அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து டிரம்மின் மேல் வைத்தார். "கொஞ்ச நேரம் இருக்கட்டும். அப்பறம் எடுத்துக்கறேன்."

கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ இடங்களில் துளையிட்டேன். ஒருநாள் முழங்கால் எனக்கு முன்பாகவே ஓய்வு பெற்றுவிட, நானும் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். விடைபெறும் விழாவில் சாதனைகளைச் சொல்லச் சொன்னார்கள். என்னோடு வேலைக்கு வந்த எல்லோரும் என்னோடு திரும்பி வந்தார்கள் என்றேன். கைதட்டல் குறைவாகத்தான் கேட்டது. பரவாயில்லை, அது கைதட்டலுக்கான விஷயமில்லை. தூக்கத்துக்கான விஷயம். நான் நன்றாகத் தூங்குகிறேன்.

இந்தச் சித்திரையில் கலியபெருமாள் சார் ஆத்தூரிலிருந்து மனைவியோடு வீட்டுக்கு வந்திருந்தார். திருச்செங்கோட்டில் ரிக் பட்டறை வைத்திருக்கும் அர்த்தநாரியும் வந்திருந்தான். எங்கள் தெரு ரயில்வே லைன் பக்கமாகக் கொஞ்சம் சரிவு. சார் காரை நிறுத்தி இறங்குவதற்குள், அர்த்தநாரி பழக்கதோஷத்தில் சாக்கடை ஓரத்திலிருந்து ஒரு கருங்கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு வைத்துவிட்டான். நிமிர்ந்தான். மூன்று பேரும் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றோம். உச்சி வெயில். தார் இளகிக் கிடந்தது.

"வெயில் ஜாஸ்தியா இருக்குதே, அர்த்தநாரி?" என்றார் சார்.

உள்ளே போய் இலை போட்டு உட்கார்ந்தோம். ரசத்துக்கு வந்திருப்போம்; அர்த்தநாரி எச்சில் கையோடு எழுந்து வாசலுக்குப் போய், எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். எங்கே போனீர்கள் என்று சாரின் மனைவி கேட்டார்.

"ஒன்னுமில்லீங்க" என்றவன் சாரைப் பார்த்துச் சொன்னான். "இருக்குதுங்க."

சார் தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.